படைவீரரின் வாய்மொழி: அறிவிப்பாளர் மரபு நமக்குக் கற்றுத்தருவது

 

ஒரு போர் முடிந்த பின்னர் அதைப் பற்றி இரண்டு வகையான செய்திகள் எஞ்சுகின்றன. எந்தப் படை எங்கே நின்றது, யார் வென்றார், எத்தனை பேர் மாண்டனர் என்பன ஒரு வகை. இவற்றை அரசுகள் எழுதி வைத்துக்கொள்கின்றன. போருக்குச் சென்ற ஒரு மனிதர் என்ன கண்டார், எதற்கு அஞ்சினார், எதை எண்ணி அழுதார், எப்படி வீடு திரும்பினார் என்பது மற்றொரு வகை. இதை எந்த அரசும் முழுமையாக எழுதி வைப்பதில்லை. அந்த மனிதரும் அவருடைய குடும்பமும் காத்தால் உண்டு. இல்லையேல் ஜனாஸாவோடு அதுவும் மண்ணுக்குள் போய்விடுகிறது.

விராலிமலையிலும் இலுப்பூர், அன்னவாசல் போன்ற அண்டை ஊர்களிலும் ஓய்வுபெற்ற படைவீரர்கள் வாழ்கிறார்கள். 1971ஆம் ஆண்டுப் போரில் இருபது வயது இளைஞராக நின்றவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குச் சென்றவர்கள் அறுபதை எட்டிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரைக் கண்டவர்களோ அநேகமாக அனைவரும் மறைந்துவிட்டனர். எனவே, இவர்களின் செய்திகளை யார் காப்பது, எப்படிக் காப்பது என்பது இன்றே விடை தேட வேண்டிய வினா. இதற்கு நம் மார்க்க அறிஞர்களின் வரலாற்றிலேயே தெளிவான வழிகாட்டல் இருக்கிறது என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தந்தையின் கரம் பற்றி நடந்த மகன்

தபூக் போர் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கடும் கோடை, கனிகள் பழுத்திருந்த பருவம். அந்தப் படையோடு செல்லாமல் மதீனாவிலேயே தங்கிவிட்டவர்களில் ஒருவர் கஅப் பின் மாலிக் (ரலி) அவர்கள். அவர் நயவஞ்சகர் அல்லர். இரண்டாம் அகபா உடன்படிக்கையில் கலந்துகொண்ட அன்சாரித் தோழர். அவரிடம் வாகனமும் வசதியும் இருந்தன. ‘இன்று தயாராகலாம், நாளை தயாராகலாம்’ என்று நாட்களைத் தள்ளினார். படை வெகுதூரம் சென்றுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்தபோது எண்பதுக்கும் மேற்பட்டோர் பல சாக்குகளைச் சொன்னார்கள். கஅப் (ரலி) அவர்கள் மட்டும் தமக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை என்ற உண்மையைச் சொன்னார்கள். அவ்வாறே உண்மை சொன்ன முராரா பின் ரபீஉ (ரலி), ஹிலால் பின் உமைய்யா (ரலி) ஆகிய இருவரோடு சேர்த்து அவர்களுடனும் எவரும் பேசக் கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டது. ஐம்பது நாட்கள் அந்நிலை நீடித்தது. உறவினரான அபூகதாதா (ரலி) அவர்கள்கூட ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை. அந்த வேளையில் கஸ்ஸான் மன்னரிடமிருந்து, தம்மிடம் வந்துவிடுமாறு அழைத்து ஒரு கடிதம் வந்தது. அதை அவர்கள் அடுப்பில் இட்டு எரித்தார்கள். ஐம்பதாவது நாள் காலை, மன்னிப்பின் நற்செய்தியை ஒருவர் ஸல்உ மலைமீதிருந்து உரக்க அறிவித்தார்.

இத்தனை நுணுக்கமான செய்தி நமக்கு எப்படிக் கிடைத்தது? கஅப் (ரலி) அவர்கள் முதுமையில் பார்வை இழந்தார்கள். அப்போது அவர்களைக் கைபிடித்து அழைத்துச் சென்றவர் மகன் அப்துல்லாஹ். அந்த மகனிடம் தந்தை தம் கதையைத் தம் வாயாலேயே சொன்னார். அப்துல்லாஹ் தம் மகன் அப்துர் ரஹ்மானிடம் சொன்னார். அவரிடமிருந்து இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) அவர்கள் கேட்டார்கள். அங்கிருந்து அது புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களை அடைந்தது.

இந்த அறிவிப்பாளர் வரிசையைச் சற்று நிதானித்துப் பாருங்கள். தந்தை, மகன், பேரன். அதற்குப் பிறகே அறிஞர். அறிஞரின் கைக்கு வருவதற்கு முன்பே அச்செய்தியைக் காத்தது ஒரு குடும்பம். அதிலும் அது வெற்றிக் கதை அன்று. ஒரு போருக்குப் போகாமல் போனதால் ஏற்பட்ட வேதனையின் கதை. தந்தை அதை மறைக்கவில்லை; மகன் அதை மாற்றவில்லை. அதனால்தான் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழிந்தும் படிப்பவரின் கண்கள் கலங்குகின்றன.

போர்ச் செய்திகளுக்கென்றே ஒரு கலை

நபித்தோழர்களின் மக்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் போர்ச் செய்திகளைத் திரட்டுவதைத் தனிக் கலையாகவே வளர்த்தார்கள். அதற்கு ‘மஃகாஸீ’ என்று பெயர். நபி (ஸல்) அவர்களின் மாமி மகன் ஸுபைர் (ரலி) அவர்களின் புதல்வர் உர்வா (ரஹ்), மூஸா பின் உக்பா (ரஹ்), இப்னு இஸ்ஹாக் (ரஹ்) ஆகியோர் இக்கலையின் முன்னோடிகள்.

இவர்களில் மூஸா பின் உக்பா அவர்கள் பற்றிய ஒரு செய்தி நம் தலைப்புக்கு மிகவும் நெருக்கமானது. பத்ரில் கலந்துகொள்ளாத சிலரின் பெயர்களும் கலந்துகொண்டோர் பட்டியலில் சேர்க்கப்படுவதாக அந்நாளில் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. அதைக் கேள்வியுற்ற அவர்கள், முதிய வயதிலும் பெயர்களைச் சரிபார்த்துத் தொகுக்க முனைந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இவருடைய தொகுப்பைப் பாராட்டி, அதையே கற்குமாறு பரிந்துரைத்தார்கள்.

ஹிஜ்ரி 207இல் மறைந்த வாகிதீ அவர்களின் வழியோ வேறு. ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் இவரை பலவீனமானவர் என்று கருதினார்கள். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் செய்தி தேடுவதில் இவர் காட்டிய உழைப்பு வியப்புக்குரியது. நபித்தோழர்களின் பிள்ளைகளையோ ஷஹீதானவர்களின் பிள்ளைகளையோ சந்தித்தால், ‘உம் குடும்பத்தார் யாரேனும் அவர் எங்கே கொல்லப்பட்டார் என்று சொல்லக் கேட்டிருக்கிறீரா?’ என்ற கருத்தில் வினவுவாராம். பின்னர் அந்த இடத்துக்கே சென்று பார்ப்பாராம். தண்ணீர்த் தோல்பையைச் சுமந்துகொண்டு மக்காவிலிருந்து ஹுனைன் களத்தை நோக்கி நடந்த அவரைக் கண்டவர்கள் உண்டு.

மூன்று பாடங்கள் இங்கே கிடைக்கின்றன. குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். கேட்டதைச் சரிபார்க்க வேண்டும். இயன்றால் இடத்தைப் பார்க்க வேண்டும். இன்று உலகின் பல்கலைக்கழகங்கள் ‘வாய்மொழி வரலாறு’ என்ற பெயரில் கற்பிக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே.

பிறர் காத்த குரல்கள்

அண்மைக் காலத்துக்கு வருவோம். முதலாம் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து சென்றார்கள். பிரான்சில் நின்ற இந்திய வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை ஆங்கில அரசு பிரித்துப் படித்தது. இதற்கென்றே ஒரு தணிக்கை அலுவலகம் இயங்கியது. கடிதங்களில் முக்கியமான பகுதிகளை அங்கிருந்தவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். தணிக்கை நடப்பதை அறிந்த வீரர்கள் மறைபொருளாக எழுதினார்கள். இந்தியப் படையினரைக் கருமிளகு என்றும் ஆங்கிலப் படையினரைச் சிவப்பு மிளகாய் என்றும் குறித்து, கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று ஊருக்குத் தெரிவித்தவர்களும் உண்டு. நம்மவர் எத்தனை பேர் மடிகிறார்கள் என்பதை உணர்த்தும் வழி அது.

அந்தப் பெயர்ப்புகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் பெற்றோரின் கையில் வந்து சேர்ந்த மூலக் கடிதங்களில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. வேவு பார்ப்பதற்காகப் படித்தவர் பத்திரப்படுத்தினார். அன்போடு பெற்றுக்கொண்டவரின் வீட்டில் அது கரையானுக்கு இரையாயிற்று.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் என்ற இடத்தில் ‘பிறை முகாம்’ என்ற பெயரில் ஒரு போர்க்கைதிகள் முகாம் இருந்தது. வட ஆப்பிரிக்க முஸ்லிம்களும் இந்திய வீரர்களும் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். முஸ்லிம் கைதிகளைத் தம் பக்கம் ஈர்க்க விரும்பிய ஜெர்மானியர், 1915இல் அங்கே மரத்தாலான ஒரு பள்ளிவாசலைக் கட்டினார்கள். ஜெர்மன் மண்ணில் தொழுகைக்கென்றே எழுப்பப்பட்ட முதல் பள்ளிவாசலாக அது கருதப்படுகிறது. போருக்குப் பின் சில ஆண்டுகளில் அது இடிக்கப்பட்டுவிட்டது.

மொழி ஆராய்ச்சிக்காக அறிஞர் குழு ஒன்று அம்முகாமுக்கு வந்தது. கைதிகளை ஒலிவாங்கிக் குழலின் முன் நிறுத்திப் பேசவைத்து இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. 1916 டிசம்பரில் மல் சிங் என்ற பஞ்சாபி வீரர் அக்குழலின் முன் நின்றார். ஊரில் வெண்ணெய் உண்டு வளர்ந்த ஒரு மனிதன் அயல்நாட்டுப் போரில் சிக்கிக்கொண்டதாகவும், அவன் ஊர் திரும்ப ஏங்குவதாகவும், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் தம்மைப் பற்றியே சொன்னார். அந்தக் குரல் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்கு வேண்டியிருந்தது அவருடைய உச்சரிப்பு மட்டுமே. அவருடைய துயரம் அதனோடு சேர்ந்து தப்பிப் பிழைத்துவிட்டது.

இவற்றைச் சேகரித்தவர்களின் நோக்கம் வேவும் ஆராய்ச்சியும். அந்த நோக்கத்துக்கே இவ்வளவு காக்கும் ஆற்றல் இருந்தால், பாசத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

ஒரு கடிதம் வாப்பாவுக்கு

பாசம் காத்ததற்கும் நம் அருகிலேயே சான்று உண்டு. திருவிதாங்கூரின் வக்கம் என்ற ஊரில் 1917இல் பிறந்தவர் அப்துல் காதர். பிழைப்புக்காக மலாயா சென்றவர், அங்கே விடுதலை இயக்கத்தில் இணைந்தார். 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் தானூர் அருகே இறங்கியபோது பிடிபட்டார். சென்னையில் விசாரணை நடந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று தோழர்களுடன் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அது ரமளான் மாதம், வெள்ளிக்கிழமை.

அதற்கு முன்னைய இரவில் அவர் தம் வாப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதம் காக்கப்பட்டதால்தான், வழக்கு ஆவணத்தில் வெறும் குற்றவாளியாகக் குறிக்கப்பட்ட இளைஞர், மரணத்தை அமைதியோடு எதிர்கொண்ட ஒரு மகனாக நமக்கு அறிமுகமாகிறார். வழக்கு ஆவணம் மட்டும் எஞ்சியிருந்தால் அந்த மகனை நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

இடிக்கப்பட்ட கல்லும் எஞ்சிய குரலும்

புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் அண்டைப் பகுதிகளிலிருந்தும் பர்மா, மலாயா, சிங்கப்பூர் சென்று பிழைத்த குடும்பங்கள் நம்மிடையே பல. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன் பின் உருவான இந்திய தேசிய இராணுவத்தில், சரணடைந்த இந்தியப் படையினரோடு, அங்கு வாழ்ந்த தமிழ்க் குடிமக்களும் பெருந்தொகையாகச் சேர்ந்தார்கள். 1943 அக்டோபர் 21 அன்று நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் அறிவித்த சுதந்திர இந்திய அரசின் ஆலோசகர்களில் ஒருவர் தமிழ் முஸ்லிமான கரீம் கனி அவர்கள்.

உயிர்நீத்த வீரர்களுக்காக 1945 ஜூலையில் சிங்கப்பூர்க் கடற்கரையில் நேதாஜி ஒரு நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த ஆங்கிலேயர் அதே ஆண்டிலேயே அதை இடித்துத் தள்ளினர். கல் போயிற்று. ஆனால் 1979இல் சிங்கப்பூர் அரசு வாய்மொழி வரலாற்றுக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. ஜப்பானிய ஆட்சிக்காலத்தை நேரில் கண்டவர்களின் நினைவுகளை 1981 முதல் அது பதிவு செய்தது. கல்லை இடிக்க முடிந்தவர்களால் நினைவை இடிக்க முடியவில்லை.

நினைவுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. 1972இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் தொடங்கியபோது, சிறை சென்றதற்கான ஆவணம் தேவைப்பட்டது. அது கிடைக்காதவர்களுக்கு, உடன் சிறையிருந்தவர் அளிக்கும் சான்றும் ஏற்கப்பட்டது. அதாவது ஒருவரின் நினைவு, மற்றொரு குடும்பத்தின் உணவுக்குச் சாட்சியாயிற்று. சாட்சியம் ஓர் அமானிதம் என்று மார்க்கம் சொல்வதன் பொருளை இங்கே கண்கூடாகக் காணலாம்.

தயக்கங்களும் விடைகளும்

படைவீரர் பலர் தம் அனுபவத்தைப் பேசுவதில்லை. மார்க்கப் பற்றுள்ளவர்கள், ‘சொன்னால் பெருமையாகிவிடும், முகஸ்துதி ஆகிவிடும்’ என்று அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் மதிப்புக்குரியது. ஆனால் புகழுக்காகச் சொல்வதும், கேட்கும் பிள்ளைக்குச் சாட்சியாகச் சொல்வதும் ஒன்றல்ல. கஅப் (ரலி) அவர்கள் தம்மைப் புகழவில்லை, நடந்ததைச் சொன்னார்கள். அந்த வழியில் சொல்லும்படி பெரியவர்களிடம் பணிவோடு கேட்டுக்கொள்ளலாம்.

வேறு சிலருக்குச் சொல்லக் கூச்சமான செய்திகள் இருக்கும். முதலாம் உலகப் போரில் இராக் களத்தில் உஸ்மானியப் படையை எதிர்த்து ஆங்கிலேயர் பக்கம் நின்ற இந்திய முஸ்லிம்கள், கலீஃபாவின் படையோடு போரிட நேர்ந்ததை எண்ணி மனம் குமைந்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலப் படையிலும் இந்தியரே; எதிரே நேதாஜியின் படையிலும் இந்தியரே. அமைதிப்படையில் சென்ற தமிழ் வீரர்கள் தமிழ் பேசும் ஊர்களில் துப்பாக்கியோடு நிற்க நேர்ந்தது. இவற்றையெல்லாம் தீர்ப்புச் சொல்லும் நோக்கோடு கேட்கக் கூடாது. சங்கடமான செய்தியும் காக்கத் தக்கதே என்பதற்குத் தபூக் அறிவிப்பே சான்று.

சிலருடைய மௌனத்துக்குக் காரணம் ஆறாத காயம். அவர்களை வற்புறுத்துவது கூடாது. பேச மனம் வரும் நாளில் அருகில் இருந்தால் போதும்.

எப்படிக் கேட்பது?

ஹதீஸ் கலையின் முறைகளே நமக்குப் போதுமான கருவிகள்.

முதலில் அனுமதி. கலையில் இதற்கு ‘இஜாஸா’ என்பர். பதிவு செய்யவும், பிறருக்குச் சொல்லவும் பெரியவரின் சம்மதத்தைப் பெறுங்கள். எதைக் குடும்பத்துக்குள் மட்டும் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். படையின் இரகசியங்களைத் துருவிக் கேட்க வேண்டாம், அதுவும் அமானிதமே.

அடுத்து, சொல்பவர் யார் என்ற தெளிவு. கைபேசியில் பதிவைத் தொடங்கும்போதே பெரியவரின் முழுப்பெயர், தந்தை பெயர், ஊர், படை எண், ரெஜிமென்ட், சேர்ந்த ஆண்டு, கேட்பவரின் பெயர், பதிவு செய்யும் தேதி ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கேட்கும் கொள்ளுப்பேரனுக்கு இதுதான் ஸனது.

மூன்றாவது, கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரிப்பது. “அத்தா, இதை நீங்களே பார்த்தீர்களா, யாரேனும் சொன்னார்களா?” என்ற ஒரு வினா போதும். 1965 செப்டம்பர் 10 அன்று அசல் உத்தர் களத்தில் வீரமரணம் எய்தி பரம்வீர் சக்ரா பெற்ற ஹவில்தார் அப்துல் ஹமீத் அவர்கள் வீழ்த்திய பீரங்கி வண்டிகளின் எண்ணிக்கையைக்கூட எழுதியவர்கள் வெவ்வேறாகச் சொல்கிறார்கள். எண்ணிக்கை வேறுபடுவதால் அவருடைய வீரம் குறைவதில்லை. ஆனால் யார் சொன்னார் என்பது குறிக்கப்பட்டிருந்தால் பின்வருவோர் எடைபோட முடியும்.

நான்காவது, சிறிய வினாக்களில் தொடங்குவது. ‘போரில் என்ன நடந்தது?’ என்று கேட்டால் பெரியவர் திகைப்பார். காவல் முனையில் நோன்பு எப்படித் திறந்தீர்கள், பனியில் உளூ எப்படிச் செய்தீர்கள், பெருநாள் தொழுகை யாரோடு தொழுதீர்கள், ஊரிலிருந்து வந்த முதல் கடிதத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பெரிய செய்திகள் அந்த வழியாகத் தாமே வரும்.

ஐந்தாவது, வாசித்துக் காட்டுவது. மாணவர் எழுதியதை ஆசிரியரிடமே படித்துக் காட்டிச் சரிபார்ப்பதை ‘அர்ளு’ என்பர். பதிவைத் தாளில் எழுதி அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பிழை திருத்தும்போது மறந்திருந்த இன்னொரு செய்தியும் நினைவுக்கு வரும்.

வீட்டுப் பெட்டியில் இருப்பவற்றையும் பாருங்கள். பழைய பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் வீரரின் பெயரும் படை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். புகைப்படத்தின் பின்புறம் அதிலுள்ளோர் பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள். உலகப் போர்களில் ஆங்கிலப் படையில் சென்று திரும்பாத முன்னோர் இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைக் கொண்டு தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும்கூட உண்டு. எல்லாவற்றுக்கும் இரண்டு படிகள் எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். போருக்குச் சென்றவரின் மனைவியும் தாயும் வேறொரு போரை வீட்டிலிருந்து நடத்தினார்கள். தந்தி வருமோ என்ற அச்சத்தில் கழிந்த இரவுகள், மணியார்டர் வராத மாதங்கள், தந்தையின் முகம் அறியாமல் வளர்ந்த பிள்ளைகள் என அவர்களிடமும் கேட்க வேண்டியவை நிறைய. நபிமொழிகளைக் காத்தவர்களில் ஆயிஷா (ரலி), உம்மு ஸலமா (ரலி) போன்ற பெண்மணிகளின் பங்கு எத்தகையது என்பதை அறிந்த சமுதாயத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மதரஸாவில் நம் பிள்ளைகள் கஅப் (ரலி) அவர்களின் செய்தியை அறிவிப்பாளர் பெயர்களோடு ஒப்பிக்கிறார்கள். அதே பிள்ளைகள் வரும் விடுமுறையில், தெருவிலோ உறவிலோ உள்ள ஒரு முன்னாள் படைவீரரிடம் அமர்ந்து அரைமணி நேரம் கேட்கட்டும். அவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதில்லை. களத்தில் அவர்கள் ஒரே அகழியில்தான் படுத்திருந்தார்கள். அண்டை வீட்டார் என்ற உரிமை அவருக்கும் நம்மீது உண்டு.

முதியவர்களின் சொற்களைச் செவிமடுக்கும் பொறுமையையும், கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துரைக்கும் நேர்மையையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.